சின்னஞ்சிறு படைக்கு எகிப்திய வீடுகள்

சௌரங்கிச் சாலையிலுள்ள இந்தியன் மியூசியத்திற்குப் பிள்ளைகளை ஒரு முறையேனும் அழைத்துச் செல்லாத தமிழ்க் குடும்பம் கல்கத்தாவில் அரிது. அங்குள்ள எகிப்திய மம்மியைக் கண்டு வந்த நாள் முதல் என் இளைய மகனுக்கு அந்நாட்டின் மீது தணியாத ஆவல் பிறந்துவிட்டது. பண்டிகைதோறும் பெரியவர்கள் கொடுத்த காசைச் சேர்த்து வைத்து, ஈயக் கலவையில் வார்த்த எகிப்தியப் படையொன்றை வரவழைத்துக்கொண்டான். தேர்கள், வில்லாளர், ஈட்டி வீரர் எல்லாரும் உண்டு. ஆனால் ஒவ்வொரு வீரனும் ஓர் அரிசி மணியை நிமிர்த்தி வைத்த உயரந்தான். ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்.

மேசை மீது இத்தகைய படைகளை நிறுத்தி, அளவுகோலால் நடையை அளந்து, வெற்றி தோல்வி காணும் விளையாட்டு மேனாடுகளில் நெடுநாளாக வழங்கி வருவது. எச். ஜி. வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்று இதற்கெனவே ஒரு நூல் எழுதினார். அவர் பொம்மைப் பீரங்கியால் வீரர்களைச் சுட்டு வீழ்த்தினார். இன்று பெரும்பாலும் பகடைதான்.

படை வந்துவிட்டது. அது காக்க வேண்டிய ஊர் எங்கே? இக்கேள்வி எங்கள் வீட்டில் ஒரு மாத காலம் ஓயவில்லை.

விலைக்குக் கிடைக்காமல் இல்லை. பிசின் வார்ப்பாகவும், முப்பரிமாண அச்சிலும் சிறு கட்டடங்கள் விற்கிறார்கள். நாங்கள் முதலில் வரவழைத்த பெட்டியின் மேல் 'பண்டை எகிப்து' என்றே எழுதியிருந்தது. திறந்தால் உள்ளே குவிமாடமும், கூரிய வளைவு வாயிலும், பள்ளிவாசலின் உயர்ந்த கோபுரமும்! ராம்செஸ் மன்னனுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்திய கெய்ரோ நகரம் அது. பையன் முகம் வாடிவிட்டது. தபால் செலவை எண்ணி என் முகமும் வாடியது.

அடுத்தபடியாக அவன் கேட்டது பிரமிடு. வீரன் 6 மில்லிமீட்டர் என்றால் உலகம் முந்நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்று பொருள். கீசாவிலுள்ள பெரிய பிரமிடின் அடிப்பக்கம் 230 மீட்டர். கட்டிய காலத்தில் உயரம் 146 மீட்டருக்குச் சற்று மேல். சுருக்கினாலும் அடி 77 செண்டிமீட்டர், உயரம் 49 செண்டிமீட்டர் வருகிறது. எங்கள் உணவு மேசையில் பிரமிடு வீற்றிருக்க, படை தரையில் நிற்க வேண்டியதுதான். மேலும், இரண்டாம் ராம்செஸ் தேரேறிய காலத்திலேயே அந்தப் பிரமிடு ஏறக்குறைய 1,300 ஆண்டுப் பழமை உடையது.

அவனுடைய புகழ்பெற்ற போரோ கி.மு. 1274-இல் காதேஷில் நடந்தது. அது சிரியா நாட்டில் ஒரன்டீஸ் ஆற்றங்கரை. அங்கே எகிப்திய வீட்டுக்கே வேலையில்லை! வேண்டியது பாசறை ஒன்றுதான். அதன் தோற்றத்தைக் கோவிற் சுவர்களிலே செதுக்கி வைத்திருக்கிறார்கள்: கேடயங்களை வரிசையாக ஊன்றி அமைத்த நாற்கோண வேலி, நடுவே அரசன் கூடாரம், அவிழ்த்துவிட்ட குதிரைகள், படுத்திருக்கும் சிங்கம். அந்த வேலியை உடைத்துக்கொண்டுதான் ஹிட்டைட்டுத் தேர்ப்படை உள்ளே புகுந்தது. பழைய அழைப்பிதழ் அட்டையிலிருந்து தலைப்பக்கம் வளைந்த கேடயங்களை வெட்டி ஒரே மாலையில் இதனை முடித்தோம்.

நைல் கரையிலே நடக்கும் போருக்கு என்ன செய்வது? கோவில்களையும் கல்லறைகளையும் கல்லால் எழுப்பிய எகிப்தியர், தாம் குடியிருந்த வீடுகளையும் அரண்மனைகளையும் கூடப் பச்சைச் செங்கல்லாலேயே கட்டினர். ஆதலால் இறந்தவர் வீடு நின்றது. இருந்தவர் வீடு கரைந்தது. எனினும் வழி காட்டச் சில உண்டு. அரசர் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர் வாழ்ந்த டெய்ர் எல் மதீனா என்னும் சிற்றூரின் அடித்தளங்கள் இன்றும் இருக்கின்றன: ஒடுங்கி நீண்ட வீடுகள், அறைக்குப் பின் அறை, பொதுச்சுவர், நடுவே குறுகிய தெரு. ரிஃபே என்ற இடத்தில் பெட்ரி என்னும் ஆய்வாளர், ஏழைகளின் புதைகுழிகள் மேல் வைத்திருந்த சுட்ட மண் வீடுகளை நூற்றுக்கு மேல் கண்டெடுத்து 1907-இல் வெளியிட்டார். தூண் வைத்த முன்கூடம், மொட்டைமாடி, அதற்கு ஏறும் வெளிப்படி எல்லாம் அவற்றில் இருக்கின்றன. 1920-இல் தீப்ஸ் நகரில் மெகெட்ரே என்ற உயர் அதிகாரியின் கல்லறையில் மரத்தால் செய்த தானியக் களஞ்சியம், ரொட்டிச் சாலை, தறிக்கூடம், குளத்தோடு கூடிய தோட்டம் ஆகியவை அகப்பட்டன. குளத்திற்குச் செப்புத் தகடு பதித்து, சுற்றிலும் அத்திமரங்களை நட்டிருக்கிறான் அந்தத் தச்சன். இவை இன்று கெய்ரோவிலும் நியூயார்க்கிலும் பங்காக இருக்கின்றன. நம் வீட்டில் நவராத்திரிக் கொலுவின் ஓரத்தில் குளமும் தோட்டமும் அமைப்பவர்களுக்கு அந்தத் தச்சனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இவ்வளவும் படித்த பின் எங்களுக்கு உதவியது தீப்பெட்டி. ஏறத்தாழ 5 செண்டிமீட்டர் நீளமுள்ள அது இந்தக் கணக்கில் 15 மீட்டராகிறது. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் இரண்டு தொழிலாளர் வீடு. மாடிக்குக் கைப்பிடிச் சுவர் ஒட்டி, ஓரத்தில் படி வைத்து, சுவரின் உச்சியில் மிகச் சிறிய சாளரம் வரைந்து, கோந்து தடவிச் சலித்த மணலைத் தூவினால் போதும். மண் நிறமே பெரும்பாலும். சிலவற்றிற்குச் சுண்ணாம்பு வெள்ளை. ஓடு வேய்ந்த சாய்கூரை கூடவே கூடாது. இருபது தீப்பெட்டிகளில் ஒரு தெருவே எழுந்துவிட்டது.

கோவில் வேண்டுவோர் லுக்ஸார் முகவாயிலை அட்டையில் செய்யலாம். 65 மீட்டர் அகலமும் 24 மீட்டர் உயரமும் உள்ள அது 22-க்கு 8 செண்டிமீட்டரில் அடங்கும். சுவர்கள் மேலே போகப் போக உள்நோக்கிச் சாய வேண்டும். உச்சியில் வெளிவளைந்த விளிம்பு வேண்டும். எதிரே இரண்டு ஒற்றைக்கல் தூண்கள் நிறுத்துங்கள். அவற்றில் ஒன்று 1836 முதல் பாரிஸில் நிற்கிறது என்றாலும்.

ஆனால் பையன் மனம் முழுதும் கோட்டையிலே. நூபியாவில், நைலின் இரண்டாம் அருவிக்கருகே, புஹென் என்றொரு கோட்டை இருந்தது. கி.மு. 19-ஆம் நூற்றாண்டளவில் எகிப்தியர் கட்டியது. 5 மீட்டர் தடிப்பும் சுமார் 11 மீட்டர் உயரமும் கொண்ட பச்சைச் செங்கல் மதில், அகழி, அம்பெய்யும் துளைகள், உருளைகளின் மேல் பின்னிழுக்கத்தக்க மரப்பாலம் எல்லாம் அதில் இருந்தன. அஸ்வான் உயர் அணை எழுந்தபோது அபு சிம்பெல் கோவிலை 1964 முதல் 1968 வரை அறுத்து மேட்டுக்கு ஏற்றியதை யாவரும் அறிவர். புஹெனிலிருந்த கற்கோவிலும் கார்ட்டூமுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. மண் கோட்டையை அறுக்கவும் முடியாது, தூக்கவும் முடியாது. வால்டர் எமரி 1957 முதல் அதை அகழ்ந்து, அளந்து, வரைந்து வைத்தார். பிறகு தண்ணீர் வந்து மூடிவிட்டது.

“அப்பா, இனி யாரும் அதைப் பார்க்கவே முடியாதா?” என்று கேட்டான். எமரியின் அளவுகள் இருக்கின்றன என்றேன். அன்றிரவே அளவுகோலை எடுத்து உட்கார்ந்துவிட்டான்.

முழுக் கோட்டையும் அரை மீட்டர்ச் சதுரம் பிடிக்குமாதலால், மேற்கு வாயிற்பக்கத்தை மட்டும் செய்கிறோம். மதில் உயரம் மூன்றே முக்கால் செண்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தடிப்பு ஒன்றரைக்கு மேல். கொத்தளங்கள் முடிந்து பால்கனியில் உலர்கின்றன. பாலத்திற்கு ஐஸ்கிரீம் குச்சி. அகழிதான் இன்னும் வெட்டவில்லை; தெர்மோகோல் பலகையின் தடிப்புப் போதவில்லை, இன்னொன்று வாங்கி அடியில் ஒட்ட வேண்டும்.