சுங்கக் கணக்கில் 'ஆர்கானிக்': 2934 என்ற எண்ணின் கதை

நெல்லுக்கும் அரிசிக்கும் 1006. மஞ்சளுக்கு 0910. பஞ்சுக்கு 5201. நாடு விட்டு நாடு போகும் எந்தச் சரக்குக்கும் இப்படி ஓர் எண் உண்டு. பிரஸ்ஸல்ஸ் நகரில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பு இந்தப் பட்டியலை வைத்திருக்கிறது. 1988 முதல் நடைமுறையில் உள்ள இதைத்தான் உலகம் முழுக்கத் துறைமுகங்களில் பார்க்கிறார்கள். முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. நம்ம நாட்டில் அதை எட்டு இலக்கமாக நீட்டிக்கொள்கிறார்கள்.

இந்தப் பட்டியலின் 29ஆம் அத்தியாயத்துக்குப் பெயர் 'ஆர்கானிக் கெமிக்கல்ஸ்'. பெயரைப் பார்த்து நம்ம சங்கதின்னு நினைச்சிடாதீங்க. வேதியியலில் ஆர்கானிக் என்றால் கரிமச் சேர்மம், அவ்வளவுதான். நாம் பேசும் ஆர்கானிக்குக்கு அந்த ஆறு இலக்கத்தில் இடமே கிடையாது. நஞ்சில்லாமல் விளைந்த அரிசியும், ஐந்து தடவை மருந்தடித்த அரிசியும் அங்கே ஒரே 1006 தான்.

அந்த அத்தியாயத்துக்குள் 2934 என்று ஒரு தலைப்பு. "நியூக்ளிக் அமிலங்கள், அவற்றின் உப்புகள், மற்றும் சில வளையச் சேர்மங்கள்" என்பது அதன் பொருள். நியூக்ளிக் அமிலம் என்றால் டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும். விதை நெல்லில், மண்புழுவில், நம்ம உடம்பில் எல்லாம் இருக்கும் உயிரின் எழுத்து. நொறுக்குத்தீனிப் பொட்டலத்தில் 627, 631 என்று போட்டிருக்கும் சுவைகூட்டிகளும் இந்த நியூக்ளிக் அமில வகையறாதான்.

அதே தலைப்பில், வேதியியல் அமைப்பு காரணமாக, இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்: தயாமீதாக்சம், குளோத்தியானிடின். மருந்துக்கடைக்குப் போன உழவர்களுக்கு இந்தப் பெயர்கள் பழக்கம். பருத்தியில் சாறுண்ணிக்கும், நெல்லில் புகையானுக்கும் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் இந்தக் கூட்டத்து மருந்துகளைத்தான். 'நியோநிகோடினாய்டு' என்பது இவற்றின் குடும்பப் பெயர்.

ஏன் தடை செய்தார்கள்?

இந்த மருந்துகள் இலையின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்பவை அல்ல. பயிரின் சாற்றோடு கலந்து வேர், தண்டு, இலை, பூ, மகரந்தம், தேன் வரைக்கும் போகும். சாறு குடிக்கும் பூச்சி சாகும். தேன் குடிக்க வரும் தேனீயும் மாட்டும். தயாமீதாக்சம் செடிக்குள் போனபின் ஒரு பகுதி குளோத்தியானிடினாகவே மாறிவிடும். விதையில் பூசி விதைத்தால் பயிர் எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். பெரும்பகுதி மண்ணிலும் நீரிலும் தங்கும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 பிப்ரவரியில் இவற்றால் தேனீக்களுக்கு ஆபத்து என்று அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் தயாமீதாக்சம், குளோத்தியானிடின், இமிடாகுளோபிரிட் மூன்றையும் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை போட்டது. நிரந்தரப் பசுமைக்குடிலுக்கு மட்டும் விலக்கு.

புட்டிக்கு ஒரு கதவு, டிரம்முக்கு ஒரு கதவு

வயலில் போடத்தான் தடை. வெளிநாட்டுக்கு விற்கத் தடை இல்லை. 2020ஆம் ஆண்டின் கடைசி நான்கு மாதங்களில் மட்டும் ஏறத்தாழ 3,900 டன் நியோநிகோடினாய்டு மருந்துகளை ஏற்றுமதி செய்ய ஐரோப்பிய நிறுவனங்கள் அறிவிப்புக் கொடுத்திருந்ததை 'பப்ளிக் ஐ' அமைப்பும் 'அன்எர்த்டு' செய்திக் குழுவும் ஆவணங்களோடு வெளியே கொண்டுவந்தன.

பிரான்ஸ் ஒரு படி மேலே போய், தன் நாட்டில் தடையான பூச்சிக்கொல்லிகளை ஏற்றுமதி செய்வதையும் 2022 ஜனவரி முதல் சட்டம் போட்டு நிறுத்தியது. நல்ல சட்டம். ஆனால் ஓட்டை இருந்தது. கலந்து, புட்டியில் அடைத்த சரக்குக்குச் சுங்க எண் 3808. கலக்காமல் டிரம்மில் வரும் மூலமருந்துக்கு, அதாவது 'டெக்னிக்கல்' என்று வியாபாரிகள் சொல்வதற்கு, 29ஆம் அத்தியாயத்து எண்கள். பிரான்சின் சட்டம் தயாரான சரக்கைத் தடுத்தது, மூலமருந்தை விட்டுவிட்டது. டிரம் கப்பலேறினால், போய்ச் சேர்ந்த நாட்டில் கலந்து புட்டியில் அடைத்துக்கொள்ளலாம்.

ஐரோப்பாவை மட்டும் குறை சொல்லிப் புண்ணியமில்லை. இந்த மூலமருந்துகளைச் சீனாவிலும் நம்ம நாட்டிலும் ஏராளமாகத் தயாரித்து ஏற்றுமதி செய்கிறார்கள்.

இனிமேல்தான் நமக்கு நேரடியாக அடி விழப்போகிறது. உணவுப்பொருளில் தயாமீதாக்சம், குளோத்தியானிடின் எச்சம் இருக்கலாம் என்ற அளவை, கருவியால் கண்டுபிடிக்க முடிகிற கடைசி அளவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் குறைத்துவிட்டது. இது 2026 மார்ச் 7 முதல் இறக்குமதிக்கும் பொருந்தும். அவங்க வயலில் போடக் கூடாது, நமக்கு விற்கலாம், அதைத் தெளித்து விளைந்ததை மட்டும் வாங்க மாட்டாங்க. லாபம் கப்பல் ஏற்றுகிறவருக்கு, திரும்பி வருகிற மூட்டை உழவருக்கு.

அடுத்து வருவது

இதுவரை நியூக்ளிக் அமிலமும் பூச்சிக்கொல்லியும் பட்டியலில் பக்கத்து வீட்டுக்காரர்கள். இப்போது நியூக்ளிக் அமிலமே பூச்சிக்கொல்லியாகிவிட்டது. 2023 டிசம்பரில் அமெரிக்கா 'லெட்ப்ரோனா' என்ற தெளிப்பு மருந்தைப் பதிவு செய்தது. அது ஓர் இரட்டை இழை ஆர்.என்.ஏ. உருளைக்கிழங்கு இலையில் தெளித்தால், அதைத் தின்னும் கொலராடோ வண்டின் புழுவுக்குள் ஒரு மரபணு ஊமையாகி, புழு தின்பதை நிறுத்திச் செத்துப்போகும்.

குறிவைத்த பூச்சியை மட்டும் தாக்கும், சீக்கிரம் சிதைந்துவிடும், பயிரின் மரபணுவை மாற்றவில்லை என்கிறார்கள். நியோநிகோடினாய்டை விட மேலாக இருக்கலாம். ஆனால் இதுவும் ஆலையில் செய்து விலைக்கு விற்கும் இடுபொருள்தான். 2021இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வகத்தில் வளர்த்த கொலராடோ வண்டுகள் சில தலைமுறைகளிலேயே இரட்டை இழை ஆர்.என்.ஏ.வுக்குப் பல ஆயிரம் மடங்கு எதிர்ப்பு பெற்றுவிட்டன. பூச்சி பழகும், புது மருந்து வரும், விலை ஏறும் என்ற பழைய வட்டம் இதிலும் ஆரம்பிக்கலாம். அந்த வண்டு நம்ம நாட்டில் இல்லை. ஆனால் இதே முறையில் வேறு பூச்சிகளுக்கான மருந்துகளும் வரும். 'இயற்கையானது' என்று பெயர் சூட்டி நம்மிடம் விற்க வரும்போது என்ன கேட்பது என்று இப்போதே தெரிந்திருக்கணும்.

நாம் செய்யக்கூடியது

மருந்துக்கடையில் பெரிய எழுத்திலிருக்கும் வணிகப் பெயரை விட்டுட்டு, சின்ன எழுத்திலிருக்கும் மூலமருந்தின் பெயரைப் படிங்க. ஒரே மூலமருந்து பல பெயரில் விற்கும்.

கடை விதை வாங்கினால் நிறம் பூசியிருக்கான்னு பாருங்க. எந்த மருந்தில் நேர்த்தி செய்தது என்று பையில் இருக்கும். இயற்கை விவசாயத்துக்கு மாறும் முதல் வருடத்தில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். சொந்த விதை, பீஜாமிர்த நேர்த்தி, இதுதான் பாதுகாப்பு.

புகையானுக்கு மருந்து தேடுவதற்கு முன் யூரியாவைக் குறைங்க. எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் விடுங்க. காற்றும் வெயிலும் தூருக்குள் போகட்டும். தண்ணீரைக் கட்டிவைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுங்க. வரப்பில் உளுந்து, தட்டைப்பயறு போட்டால் சிலந்தியும் பொறிவண்டும் தங்கும். அப்புறமும் தேவைப்பட்டால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல்.

ஏற்றுமதிக்கு விளைவிக்கும் குழுக்கள், பக்கத்து வயலிலிருந்து வரும் மருந்துச் சாரலையும் பாசன நீரையும் இப்போதிருந்தே கவனியுங்கள். நம்ம மூட்டையில் எச்சம் தெரிந்தால், அது யார் வயலில் தெளித்தது என்று சுங்கத்தில் யாரும் கேட்கப்போவதில்லை.