தண்ணீர் லாரி தள்ளாடுவது ஏன்? "பாக்ஸை டைட் வை" என்றால் ஆபத்து!

சென்னைத் தெருவில் தண்ணீர் லாரி வந்தால் ஆட்டோக்காரரே ஒதுங்கி விடுவார். வேகத்துக்குப் பயந்துதான் எல்லோரும் ஒதுங்குகிறோம். ஆனால் வேகமே இல்லாமல், காலி ரோட்டில் கூட, இடதும் வலதுமாக அலைந்துகொண்டே வரும் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். "தண்ணியைப் போட்டுட்டு ஓட்டுறான்யா!" என்று டிரைவரைத் திட்டி விட்டுப் போவோம்.

பல நேரம் அந்த டிரைவர் மேல் குற்றமே இருக்காது. குற்றம் அவர் காலுக்குக் கீழே, முன் ஆக்சிலில் இருக்கும்!

நெடுந்தூர ஓட்டத்தில் தேய்ந்த பிறகு முதுகில் தொட்டியை ஏற்றிக்கொண்டு உள்ளூர் ஓட்டத்துக்கு வந்து சேரும் பழைய லாரிகள் உண்டு. 9 ஆயிரம் லிட்டர் தொட்டி என்றால் தண்ணீரின் எடை மட்டுமே 9 டன். தொட்டி பாதி காலியானால் வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் புரளும். பள்ளம், மேடு, சேறு, ஈரம் எல்லாம் தினசரிப் படி. இத்தனைக்கும் நடுவே லாரியைத் திருப்புவது முன்னால் உள்ள இரண்டே சக்கரம்.

5 அங்குலம்!

ஸ்டீயரிங்கைத் திருப்பியும் சக்கரம் திரும்பாமல் சும்மா ஆடும் அளவுக்கு 'பிளே' என்று பெயர். 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இது 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. ஒன்றரை அடி அகல ஸ்டீயரிங்கில் 30 டிகிரி என்பது விளிம்பில் ஏறக்குறைய 5 அங்குலம். சட்டம் இவ்வளவு தாராளமாக விட்டிருக்கிறது. அதையும் தாண்டி ஆடுகிறது என்றால் அந்த லாரியை என்ன சொல்வது?

8 வருடம் தாண்டிய லாரி வருடத்துக்கு ஒரு முறை எப்.சி.க்குப் போக வேண்டும். அப்போதுதான் பட்டறையில் அந்தப் பழைய வசனம் கேட்கும்.

"மேஸ்திரி, பாக்ஸைக் கொஞ்சம் டைட் வைங்க. மீதியை அப்புறம் பாத்துக்கலாம்!"

ஸ்டீயரிங் பாக்ஸில் ஒரு அட்ஜஸ்ட் ஸ்குரூ உண்டு. அதை முறுக்கினால் ஸ்டீயரிங் டைட் ஆகி விடும். பார்ப்பவருக்குப் பிளே போன மாதிரி தெரியும். ஆனால் கீழே தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்கும். கெடுதல் அதோடு நிற்பதில்லை. நேராக ஓடும் நிலையில்தான் பாக்ஸ் அதிகம் தேய்ந்திருக்கும். அந்த இடத்துக்குத் தோதாக முறுக்கினால், திருப்பத்தில் பல் இறுகும். திரும்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. டிரைவர் இழுக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய வண்டியில் தோள் கழன்று விடும்!

எங்கே ஆடுகிறது?

கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். இரண்டு ஆள் போதும். லாரி தரையில் நிற்கட்டும். கிளீனர் தம்பி மேலே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் மெதுவாக ஆட்ட வேண்டும். மேஸ்திரி கீழே படுத்துக்கொண்டு பாக்ஸிலிருந்து டிராப் ஆர்ம், டிராக் லிங்க், டை ராடு என்று ஒவ்வொரு மூட்டாகப் பார்த்து வருவார். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கிறதா? அங்கேதான் தேய்மானம்.

அடுத்து முன் ஆக்சிலுக்கு ஜாக்கி. சக்கரம் தரையை விட்டதும் டயரின் தலையையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் உடனே கிங் பின் என்று முடிவு கட்டி விடக் கூடாது. ஹப் பேரிங் தளர்ந்திருந்தாலும் இதே ஆட்டம்தான். ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காமல் ஆடினால் கிங் பின்! பேரிங்கை முறுக்கி முடிகிற வேலைக்குக் கிங் பின்னைக் கழற்றிப் போட்டு ஒரு நாள் ஓட்டம் பாழாவது இந்தச் சின்னச் சோதனையைச் செய்யாததால்தான்.

கதவுக் கீல் மாதிரி

கிங் பின் என்பது கதவுக் கீலில் இருக்கும் முளை மாதிரி. கட்டை விரலை விடத் தடித்த உருக்கு முளை. ஸ்டப் ஆக்சிலும் சக்கரமும் இதைச் சுற்றித்தான் இடம் வலம் திரும்பும். முளைக்கு மேலும் கீழும் கன்மெட்டல் புஷ். லாரியின் பாரத்தைத் தாங்க நடுவில் ஒரு திரஸ்ட் பேரிங். இதற்கெல்லாம் உயிர் கிரீஸ்தான். நிப்பிளில் சேறு அடைத்துக்கொண்டால் கிரீஸ் கன்னை எத்தனை முறை அழுத்தினாலும் உள்ளே போகாது, வெளியேதான் வழியும்.

துருப்பிடித்த கிங் பின்னைக் கழற்றுவது சாதாரண வேலை இல்லை. சம்மட்டி அடி பக்கத்துத் தெரு வரை கேட்கும். லாக் பின்னை முதலில் எடுக்க வேண்டும். அதை மறந்து அடித்தால் நாள் முழுக்க அடித்தாலும் வராது. வராத பின்னுக்குக் கேஸ் வைத்து ஆக்சிலைச் சிவக்கக் காய்ச்சுவார்கள் சிலர். பதம் ஏற்றிய உருக்கு அது. பதம் போனால் ஆக்சிலின் பலமே போச்சு! பிரஸ்ஸில் வைத்துத் தள்ளுவதே முறை.

புது புஷ்ஷை இறக்கும்போது அதன் கிரீஸ் ஓட்டை நிப்பிள் ஓட்டைக்கு நேராக வர வேண்டும். மாறி நின்றால் புது புஷ்ஷும் கொஞ்ச நாளில் தேய்ந்து வந்து நிற்கும். பிறகு ரீமர் போட்டு மேல் புஷ், கீழ் புஷ் இரண்டையும் ஒரே நேராகக் கடைய வேண்டும். எண்ணெய் தடவிய பின்னைக் கையால் அழுத்தினால் இறங்க வேண்டும், தானாக விழக் கூடாது. மேஸ்திரிக்குக் கூலி கொடுப்பதே இந்தக் கைப்பதத்துக்குத்தான் என்பேன். மேலும் கீழும் ஆடும் இடைவெளியைச் சரிசெய்ய ஷிம் வைக்க வேண்டும். கடைசியில் ஜாக்கியில் நிற்கும்போதே கிரீஸ் அடிக்க வேண்டும். பாரம் இறங்கி விட்டால் திரஸ்ட் பேரிங்குக்குக் கிரீஸ் சரியாகப் போகாது.

ஒரு கிங் பின் செட்டின் விலை ஒரு புது முன் டயரின் விலையை விடக் குறைவு. தேய்ந்த கிங் பின்னோ டயரின் ஓரத்தைத் தின்று கொண்டே இருக்கும். முதலாளிகள் கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

வெல்டிங் கூடாது!

டை ராடு முனையில் உள்ள பால் ஜாயின்ட் தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். வெல்டிங் வைப்பதும், புதுப்பேட்டையில் கழற்றிய பழசை வாங்கி மாட்டுவதும் உயிரோடு விளையாட்டு. கண்ணாடி, கதவு, பம்பர் என்றால் புதுப்பேட்டைக்குத் தாராளமாகப் போகலாம். பால் ஜாயின்ட்டுக்குப் போகக் கூடாது. கழன்றால் இரண்டு சக்கரமும் ஆளுக்கு ஒரு திசை பார்க்கும்! நட்டுக்குள் செருகும் ஸ்பிளிட் பின் சில்லறைக் காசுச் சாமான். அதையும் புதிதாகவே போட வேண்டும்.

மூட்டு மாற்றினால் சக்கரங்களின் நேரும் மாறும். முன்பக்கம் சில மில்லிமீட்டர் உள்நோக்கி நிற்பதுதான் கணக்கு. கம்பெனி சொன்ன அளவுக்கு டை ராடைத் திருகிச் சரி பார்த்த பிறகே வண்டியை விட வேண்டும்.

கமான் பட்டை

எல்லாம் மாற்றியும் லாரி ஒரு பக்கமே இழுக்கிறதா? கமான் பட்டையைப் பாருங்கள். நடுவில் உள்ள சென்டர் போல்ட் அறுந்திருந்தால் ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் நகர்ந்து, லாரி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும். சாக்கிள் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருந்தாலும் வண்டி அலையும். மெயின் பட்டையின் காது விட்டால் அந்தப் பக்க ஆக்சிலுக்குப் பிடிப்பே இல்லை.

பட்டை வேலை முடிந்து யு போல்ட்டை முறுக்கியதோடு பலர் கணக்கை முடித்து விடுகிறார்கள். முதல் லோடு ஏற்றியதும் பட்டைகள் அழுந்தி உட்காரும், போல்ட் தளரும். அந்த லோடை இறக்கி விட்டு நேராகப் பட்டறைக்கு வந்து இன்னொரு முறை முறுக்கிக்கொண்டு போக வேண்டும். பத்து நிமிட வேலை. டீ ஆறுவதற்குள் முடிந்து விடும்.