கிராமக் குழாயும் கிராம சபையும்

கிராமத்தில் ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டுவது எளிது. அத்தொட்டியிலிருந்து பத்து வருஷம் தவறாமல் தண்ணீர் இறங்கச் செய்வதே அரிது. திறப்பு விழாவன்று பந்தலுண்டு, மாலையுண்டு, சொற்பொழிவுமுண்டு. மூன்றாம் வருஷத்தில் மோட்டார் எரிந்துபோன அன்று அவ்வூருக்கு வருவார் யார்?

சில மாதங்களுக்கு முன் நாம் ஒரு கிராம சபைக் கூட்டத்திற்குப் போயிருந்தோம். கூட்டம் தொடங்குமுன்பே கையெழுத்துப் புஸ்தகம் தேநீர்க் கடைவரை சென்று நிரம்பித் திரும்பியிருந்தது. புதிய கட்டிடங்களுக்கான தீர்மானங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வாசிக்கப்பட்டன. கடைசி வரிசையிலிருந்த ஓர் அம்மாள் எழுந்து, "மோட்டார் போடுகிற பையனுக்கு நாலு மாதமாகச் சம்பளமில்லையாமே, அதை எந்தத் தீர்மானத்தில் எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஒருவரும் விடை கூறவில்லை. கிராமத் திட்டமென்னும் விஷயத்தின் சாரம் முழுவதும் அவ்வொரு கேள்வியில் அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம்.

2019-ம் வருஷத்தில் ஆரம்பமான ஜல் ஜீவன் திட்டம், நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரைக் குழாய் மூலம் வீட்டிற்கே கொடுப்பதை நோக்கமாகக் கொண்டது. கிராமமே தன் திட்டத்தை வகுக்க வேண்டும். 10 முதல் 15 பேர் கொண்ட குழுவில் பாதிப்பேர் பெண்களாயிருக்க வேண்டும். ஊருக்குள் ஆகும் செலவில் நூற்றுக்குப் பத்து, மலைப்பகுதிகளிலும் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் மிகுந்த ஊர்களிலும் ஐந்து, ஜனங்களே தரவேண்டும் என்பது அதன் விதி. பணம் போட்டவன் கணக்குக் கேட்பான் என்னும் எண்ணமே இவ்விதிக்கு ஆதாரம். அப்பங்கை ஊர்ப் பிரமுகர் ஒருவரே கட்டிவிடுவாராயின், கணக்குக் கேட்கும் உரிமையும் அவர் வீட்டுப் பெட்டியிலேயே போய்ச் சேரும்.

நம்மவர் மேடைகளில் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் புகழாத நாளில்லை. முதற் பராந்தகன் காலத்தில், 919, 921-ம் வருஷங்களில் பொறிக்கப்பெற்ற அவற்றில் ஏரி வாரியம் உண்டு. கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி அவன் உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்பெறார் என்ற கண்டிப்பும் உண்டு. ஆனால் நிலமும் வேதப் பயிற்சியும் உடையோர்க்கே அங்கு இடமிருந்தது என்பதை ஏனோ மேடையில் விட்டுவிடுகிறோம். அன்று அச்சபைக்கு வெளியே நின்றவர்களின் சந்ததியார் வாழும் தெருவிற்கு இன்றும் குழாய் கடைசியாகவே செல்லுமாயின், கல்வெட்டில் நாம் பாதியைத்தான் படித்தோம்.

சட்டத்திற்குக் குறைவில்லை. 73-வது திருத்தம் 1993 ஏப்ரலில் அமுலுக்கு வந்தது. தமிழ்நாட்டு ஊராட்சிச் சட்டம் 1994-ல் பிறந்தது. ஐந்து வருஷம் முடியுமுன் தேர்தல் நடந்தாக வேண்டுமென்று அரசியல் சட்டத்தின் 243-ஈ பிரிவு கூறுகிறது. வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு அவ்வாசகத்தில் ஐயப்பாட்டுக்கு இடம் எதுவும் புலப்படவில்லை. எனினும் 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தல் நீதிமன்றத் தீர்ப்பால் நின்று, 2019 டிசம்பரில்தான், அதுவும் 27 ஜில்லாக்களில் மட்டும் நடந்தது. அப்பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்ததும் மறுபடியும் தனி அதிகாரிகளின் ஆட்சியே வந்தது. எத்தனையோ ஊர்களை ஒருங்கே மேற்பார்க்கும் உத்தியோகஸ்தர் எந்த ஊரின் வால்வு ஒழுகுகிறதென்று எங்ஙனம் அறிவார்?

இது கௌரவப் பிரச்னை மட்டுமன்று, பணப் பிரச்னையுமாகும். 2021 முதல் 2026 வரைக்கு 15-வது நிதிக் குழு வகுத்த ஊராட்சி மானியத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு குடிநீருக்கும் சுகாதாரத்திற்குமே உரியது. தேர்ந்தெடுக்கப்பட்ட சபையிருந்தாலே அது கிடைக்கும். தேர்தல் தள்ளிப்போனால் தண்ணீரும் தள்ளிப்போகும்! அண்டையிலுள்ள கேரளத்தில் 1996-ல் திட்டப் பணத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஸ்தல ஸ்தாபனங்களிடம் ஒப்படைக்கத் துணிந்தார்கள். அங்கும் குறைகள் உண்டுதான். ஆயினும் திட்டத்தைக் குறித்த வாதம் ஊருக்குள்ளேயே நடந்தது.

நம் தொண்டர்கள் தேர்தல் வேண்டுமென்று கிளர்ச்சி செய்வது அவசியமே. அதற்கிடையில் செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு. அடுத்த கிராம சபையில் புதிய வேலைகளின் ஜாபிதாவை எடுக்குமுன், சென்ற வருஷத்து மின்சாரப் பாக்கி, மோட்டார் இயக்குபவரின் சம்பளம், குளோரின் தூள் வாங்கிய செலவு, வசூலாகாத வீட்டு வரி ஆகிய நான்கையும் உரக்க வாசிக்கும்படி கேளுங்கள். வரி பாக்கி வைத்தோர் பட்டியலில் நம் கட்சிக்காரர் பெயர் இருந்தால் அதை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள்.