மின்னூற் கருவி மதிப்புரைகளும் அடிப்படைச் சோதனைகளும்

நூலொன்றிற்கு மதிப்புரை எழுதுவோர் அந்நூலை முற்றப் படித்திருத்தல் வேண்டும் என்பது அறிஞர் யாவர்க்கும் உடன்பாடு. மின்னூல் படித்தற்கென்றே அமைந்த கருவிகளை மதிப்பிடுவோர்க்கும் இம்முறை பொருந்தும். 2007 நவம்பரில் அமேசான் நிறுவனத்தார் கிண்டில் கருவியை வெளியிட்ட நாள் தொட்டு இத்தகைய மதிப்புரைகள் மலிந்துள்ளன. அவற்றுள் யாம் கண்ட பல, திரையின் அளவு, எடை, நினைவகத்தின் கொள்ளளவு, விலை ஆகியவற்றை விரித்துரைத்துப் படித்தற்றொழிலைச் சில வரிகளில் முடித்துவிடுகின்றன. முன்னைய நான்கும் நிறுவனத்தாரின் விளம்பரப் பட்டியலிலேயே உள்ளவை. அவற்றைப் பெயர்த்தெழுதுதல் சோதனை ஆகாது.

மின்கலத்தின் ஆற்றலை நோக்குக. 2021-இல் வெளிவந்த கிண்டில் பேப்பர்ஒயிட் ஒருமுறை மின்னேற்றினால் 10 வாரம் வரை இயங்கும் என்பது நிறுவனத்தார் கூற்று. நாளொன்றுக்கு அரைமணி நேரமே படித்தல், கம்பியில்லா இணைப்பை நிறுத்திவைத்தல், விளக்கொளியை 13-ஆம் நிலையில் வைத்தல் என்னும் வரையறைகள் அக்கூற்றோடு சேர்ந்தே உள்ளன. கணக்கிடின் அது 35 மணி நேரமாகும். நாள்தோறும் ஐந்து மணி நேரம் படிக்கும் ஆராய்ச்சி மாணவர்க்கு அஃது ஒரு வாரமே. வாரக்கணக்கை எடுத்தோதி, வரையறைகளை விடுத்துச் செல்லும் மதிப்புரை படிப்போரை மயக்குகின்றது.

பக்க எண்ணும் அத்தகையதே. தொடக்கக் காலக் கிண்டிலில் பக்க எண் இல்லை. இட எண்ணே இருந்தது. 2011-இல் அச்சுப் பக்க எண் சேர்க்கப்பெற்றது. எனினும், எல்லா மின்னூலிலும் அது தோன்றுவதில்லை. மேற்கோளுக்குப் பக்கம் சுட்டவேண்டிய நமக்கு இது சிறு குறை அன்று.

இனி, சொல் தேடுதல். தமிழ் நூல்கள் கிண்டில் விற்பனையில் இடம்பெற்றது 2016 டிசம்பரில். ஆங்கில நூலை வைத்து இவ்வசதியைச் சோதித்தார் கூறும் முடிபு தமிழ் நூலுக்கும் ஒக்கும் எனக் கொள்ளுதல் இயலாது. ஒருங்குறியில் ‘கொ’ என்னும் எழுத்தை இருவகையாகப் பதியலாம். ககரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒன்றாக வைப்பது ஒருவகை. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே வைப்பது மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குறி விதிப்படியும் ஒத்தவையே. ஆயின், இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பாராத கருவி, நூலில் உள்ள சொல்லையே இல்லை என்றுரைக்கும். அதனை நம்பி, ‘இந்நூலில் இச்சொல் பயிலவில்லை’ என ஆய்வேட்டில் எழுதுவார் நிலை யாதாகும்!

பதிவு ஒத்திருப்பினும் தமிழின் சொல்லமைப்பு மற்றொரு தடை. ‘மரம்’ எனத் தேடின் ‘மரத்தை’ அகப்படாது. ‘மர’ எனத் தேடின் ‘மரபு’ம் உடன் வந்து குவியும். ‘பொன்’ எனத் தேடுவார்க்குப் ‘பொற்குடம்’ கிட்டாது. புணர்ச்சி விதியைக் கருவி அறியாமை வியப்பன்று. அஃது எத்துணை அறியும் என அளந்துரைத்தலே மதிப்புரையாளர் கடன். அகராதி வசதியையும் இவ்வாறே வேற்றுமையுருபு ஏற்ற சொற்களைக் கொண்டு சோதித்தல் தகும்.

பழைய பதிப்புகளைப் படமாக்கிய பிடிஎஃப் கோப்புகளிலோ தேடுதற்கு எழுத்தே இல்லை, உள்ளது உருவமே. எழுத்தளவை மட்டும் பெருக்கிக்கொள்ளவும் இயலாது. பக்கம் முழுவதையும் ஆறங்குலத் திரையில் அடக்கின் அடிக்குறிப்புகள் கண்ணுக்குப் புலனாகா. ஆகவே கருவி வாங்க விழைவோர், தாம் நாள்தோறும் பயிலும் கோப்பொன்றைக் கடையிலேயே அதில் ஏற்றி, அடிக்குறிப்பு நிறைந்த பக்கமொன்றைத் திறந்து பார்த்தல் நன்று.