அழிய மறுக்கும் ஃபைல்: பிடித்திருப்பது யார்?

வருமானச் சான்றுக்கோ, மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கோ, பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்துக்கோ திரேஸ்புரம் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், போட்டோ எல்லாம் ஸ்கேன் ஆகி அந்தக் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. வேலை முடிந்தது, ரசீதும் வாங்கியாச்சு. "அண்ணாச்சி, என் ஃபைலையெல்லாம் அழிச்சிருங்க" என்கிறீர்கள். அவரும் டெலீட் அழுத்துகிறார். மூன்று போகிறது. நான்காவது, அதுவும் ஆதார், போக மாட்டேன் என்கிறது. திரையில் 'ஃபைல் இன் யூஸ்' என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. உங்களுக்குப் பின்னால் ஆறு பேர் காத்திருக்கிறார்கள். "அப்புறமா நானே அழிச்சிருதேன், நீங்க போயிட்டு வாங்க" என்று பதில் வருகிறது.

அந்த 'அப்புறம்' பெரும்பாலும் வருவதே இல்லை. யாரும் வேண்டுமென்று செய்வதல்ல. அடுத்த ஆள் வந்து உட்கார்ந்ததும் மறந்துபோகும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் ஆதார் அங்கேயே கிடக்கும்.

"இ-ஆதாருக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கே" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த வருடமும் சேர்ந்ததுதான் அந்தப் பாஸ்வேர்டு. அதே டெஸ்க்டாப்பில் உங்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் இருந்தால், பூட்டுக்குப் பக்கத்திலேயே சாவியையும் தொங்கவிட்ட கதைதான். ஸ்கேன் எடுத்த ஆதார் படத்துக்கோ எந்தப் பூட்டும் கிடையாது. பொதுக் கம்ப்யூட்டரில் இ-ஆதார் இறக்கினால் அந்த நகலை அழித்துவிட வேண்டும் என்பது ஆதார் ஆணையமே தரும் அறிவுரை. ஆகவே அழிய மறுக்கும் ஃபைலை எப்படி அழிப்பது என்பது கம்ப்யூட்டர் கடைக்காரர் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை.

ஏன் அழிய மாட்டேன் என்கிறது?

பழைய துறைமுகத்தில் தோணி புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். சரக்கு ஏற்றியாச்சு, ஆளும் ஏறியாச்சு, ஆனால் கரையில் கட்டிய வடத்தை அவிழ்க்காமல் தோணி நகராது. ஃபைலும் அப்படித்தான். ஒரு புரோகிராம் ஒரு ஃபைலைத் திறக்கும்போது, "நான் வைத்திருக்கும்வரை மற்றவர்கள் இதைப் படிக்கலாமா, மாற்றலாமா, அழிக்கலாமா" என்பதையும் விண்டோஸிடம் சொல்லிவிடுகிறது. அழிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தால் விண்டோஸ் கடைசிவரை விடாது. பாதி எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலை இன்னொருவர் பிடுங்கிவிட்டால் இருவருக்கும் நஷ்டம் என்பதால் வைத்த காவல் இது. பழுது என்று பயப்பட வேண்டாம்.

"என் போனில் இப்படி ஒரு பெட்டி வந்ததே இல்லையே?" வராது. ஆண்ட்ராய்டு ஓடுவது லினக்ஸ் அடித்தளத்தில். அங்கே திறந்திருக்கும் ஃபைலைக்கூட அழிக்கலாம். பெயர் உடனே பட்டியலிலிருந்து போய்விடும், திறந்து வைத்திருக்கும் செயலி அதை மூடிய பிறகு இடம் காலியாகும். போனில் பழகிய நமக்கு டெஸ்க்டாப்பின் பிடிவாதம் புதிதாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

வடத்தைப் பிடித்திருப்பது யார்?

முதலில் அந்தப் பெட்டியை முழுதாகப் படியுங்கள். பதற்றத்தில் பலரும் 'ட்ரை அகெயின்' பொத்தானையே திரும்பத் திரும்பத் தட்டுகிறோம். எந்தப் புரோகிராமில் ஃபைல் திறந்திருக்கிறது என்று பல நேரம் அந்தப் பெட்டியிலேயே பெயர் போட்டிருக்கும். அடோப் ரீடர் என்றிருந்தால் அதை மூடுங்கள், வேர்டு என்றிருந்தால் அதை மூடுங்கள். கீழே டாஸ்க்பாரில் சுருக்கி வைத்த ஜன்னல்களையும் விடாதீர்கள். பி.டி.எஃப். ஃபைலை குரோமிலோ எட்ஜிலோ திறந்திருந்தால் அந்த டேபையும் மூடிவிடுங்கள்.

எல்லாம் மூடியாச்சு, இன்னும் போகவில்லையா? சந்தேகப்பட வேண்டிய அடுத்த ஆள் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் ஃபோல்டர் ஜன்னலேதான். ஃபைலை ஒருமுறை தொட்டதும் வலது பக்கம் அதன் உள்ளடக்கம் பெரிதாகத் தெரிகிறதா? அதற்குப் பெயர் பிரிவியூ பேன். உங்களுக்குக் காட்டுவதற்காக அதுவே ஃபைலைத் திறந்து வைத்திருக்கும். ஆல்ட் கீயோடு பி அழுத்தினால் அது மூடிவிடும். பிறகு வேறு ஃபோல்டருக்குப் போய்த் திரும்பி வந்து அழித்துப் பாருங்கள். நான் பார்த்தவரை, 'எல்லாத்தையும் மூடிட்டேன், அப்பவும் போகல' என்ற புலம்பலில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

ஸ்கேனர் மென்பொருள், படத்தின் அளவைக் குறைக்கும் மென்பொருள், வரிசையில் சிக்கி நிற்கும் பிரின்ட் இவையெல்லாம்கூட ஃபைலை விடாமல் வைத்திருக்கலாம். பிரின்ட்டர் படத்தை இருமுறை தட்டினால் வரிசை தெரியும், மாட்டியிருக்கும் பிரின்ட்டை ரத்து செய்யுங்கள். ஜன்னல் மூடிய பிறகும் பின்னணியில் ஓடும் புரோகிராம் இருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் அந்தப் புரோகிராமைத் தேர்ந்தெடுத்து 'என்ட் டாஸ்க்' கொடுத்தால் போதும். ஆனால் பெயர் தெரியாத எதையும் அங்கே நிறுத்தாதீர்கள். பக்கத்தில் யாரோ பாதி விண்ணப்பம் தட்டிக்கொண்டிருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று துல்லியமாகப் பார்க்கவும் வழி உண்டு. ஸ்டார்ட் மெனுவில் 'ரிசோர்ஸ் மானிட்டர்' என்று தேடித் திறந்து, சி.பி.யு. பகுதியில் 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' என்ற இடத்தில் ஃபைல் பெயரைத் தட்டுங்கள். அதை வைத்திருக்கும் புரோகிராமின் பெயர் வரும். இது விண்டோஸிலேயே இருப்பது, தனியாக எதையும் இறக்க வேண்டாம். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'எந்த ஃபைலையும் அழிக்கும்' என்று விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்கள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன. முன்பின் தெரியாத தளத்திலிருந்து அவற்றை இறக்குவது, எலியைப் பிடிக்கப் பாம்பை வீட்டுக்குள் விட்டது மாதிரி ஆகலாம்.

எதுவும் நடக்கவில்லையென்றால் ரீஸ்டார்ட் செய்து, வேறு எதையும் திறக்காமல் முதல் வேலையாக அழியுங்கள். ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட்தான். விண்டோஸ் 10, 11-ல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதி ஓடிக்கொண்டிருந்தால், ஷட் டவுன் செய்தாலும் உள்ளிருக்கும் ஒரு பகுதி அப்படியே சேமிக்கப்பட்டு மறுபடி எழுந்துவரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

வேறு பெட்டிகள்

'ஃபைல் ஆக்சஸ் டினைடு' என்று வந்தால் கதை வேறு. ஃபைலை யாரும் பிடித்திருக்கவில்லை, அழிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை என்று அர்த்தம். வேறொரு கணக்கில் உருவான ஃபைலாக இருக்கும். சென்டரில் என்றால் அந்தக் கணக்கை வைத்திருப்பவரிடமே சொல்லி, உங்கள் கண்முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் அட்மின் கணக்கில் நுழைந்து அழிக்கலாம். விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்களுக்குள் இந்தப் பெட்டி வந்தால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். அங்கே மறுப்பதற்கு நல்ல காரணம் இருக்கும்.

பென் டிரைவிலோ மெமரி கார்டிலோ 'ரைட் புரொடெக்டட்' என்று வருகிறதா? பெரிய மெமரி கார்டின் ஓரத்தில் சின்னப் பூட்டு ஒன்று இருக்கும், அதைத் தள்ளிப் பாருங்கள். உப்புக்காற்றில் பென் டிரைவின் முனை கறுத்துப்போவதை நம்ம ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தொடர்பு விட்டு விட்டு வந்தால் உள்ளே ஃபைல் அட்டவணை குழம்பிவிடும், 'கரப்டட்' என்று காட்டும். மை கம்ப்யூட்டரில் அந்த டிரைவை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்று போனால் விண்டோஸே சரிபார்க்கும். அதற்குமுன் தேவையான ஃபைல்களை வேறிடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். ஆயுள் முடியும் தறுவாயில் சில பென் டிரைவ்கள் படிக்க மட்டும் விடும், அழிக்க விடாது. அதில் ஆதார் நகல் இருந்தால் குப்பையில் போடாமல் சுத்தியலால் உடைத்துவிடுங்கள்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. 'சோர்ஸ் பாத் டூ லாங்' என்ற பெட்டி. விண்டோஸில் வழக்கமாக டிரைவ் எழுத்திலிருந்து ஃபோல்டர்கள், ஃபைல் பெயர் வரை எல்லாம் சேர்த்து 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும். நாம் எண்ணும் எழுத்து வேறு, கம்ப்யூட்டர் எண்ணும் குறி வேறு. 'தூத்துக்குடி' நமக்கு 6 எழுத்து, விண்டோஸுக்கு 12. துணைக்கால், புள்ளி, கொம்பு எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணும். 'முத்துக்குளித்துறை' 9 எழுத்து, அதற்கு 18. கல்லூரி புராஜெக்ட்டுக்காக ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நீளமான தமிழ்ப் பெயர்களை வைத்தால் எல்லை சீக்கிரம் வந்துவிடும். தமிழில் பெயர் வைப்பதை விட வேண்டாம். மேலே இருக்கும் ஃபோல்டர்களின் பெயரை 'அ', 'ஆ' என்று சுருக்கிவிட்டு அழியுங்கள், போய்விடும்.

'ஐட்டம் நாட் ஃபவுண்ட்' என்றால் பெரும்பாலும் ஃபைல் ஏற்கெனவே போய்விட்டது, திரைதான் பழையது. எஃப் 5 அழுத்துங்கள்.

அழிந்ததா, ஒளிந்ததா?

டெஸ்க்டாப்பில் மறைந்த ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகிறது. யார் வேண்டுமானாலும் இரண்டு கிளிக்கில் மீட்கலாம். ஆகவே பின்னைத் திறந்து உங்கள் ஃபைல்களை அங்கிருந்தும் நீக்குங்கள், அல்லது முதலிலேயே ஷிஃப்ட்டோடு டெலீட் அழுத்துங்கள். அதற்குப் பிறகும்கூட, கிடங்குப் பதிவேட்டில் பெயரை மட்டும் அடித்துவிட்டு மூட்டையை உள்ளேயே விட்ட கணக்குத்தான். அந்த இடத்தில் வேறு சரக்கு ஏறும்வரை மீட்பு மென்பொருளால் எடுத்துவிட முடியலாம். சென்டரில் அவ்வளவு தூரம் யாரும் போவது அபூர்வம். ஆனால் பழைய கம்ப்யூட்டரை விற்கும்போது இதை மறக்கக் கூடாது. அப்போது 'ரீசெட் திஸ் பி.சி.' போய் 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்து, டேட்டாவைச் சுத்தம் செய்யும் விருப்பத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நகல்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. டவுன்லோட்ஸ் ஃபோல்டர், ஸ்கேன்கள் சேரும் ஃபோல்டர், அளவு குறைத்த இரண்டாவது நகல் என்று பார்க்க வேண்டியிருக்கும். பிரவுசரின் டவுன்லோட் பட்டியலில் பெயரை நீக்கியதும் ஃபைலும் போயிற்று என்று நினைக்க வேண்டாம், ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை வாட்ஸ்அப். சென்டர்காரர் எண்ணுக்கு ஆதார் படத்தை அனுப்பினால் அது அவர் போனிலும் கம்ப்யூட்டரிலும் இருக்கும். 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' செய்ய ஏறத்தாழ இரண்டரை நாள் அவகாசம் உண்டு. ஆனால் அதற்குள் கம்ப்யூட்டரில் இறக்கிய நகலை அது தொடாது.

ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்ல வேண்டும். அழிக்கும் வேகத்தில் இருக்கிற ஒரே நகலையும் அழித்துவிடாதீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, அலமாரிக் காகிதம் எவ்வளவு பாதுகாப்பு என்று பார்த்துவிட்டோம். ஸ்கேன் எடுத்து வைப்பது நல்லதுதான், அது உங்கள் கையில் இருக்கட்டும். டிஜிலாக்கரில் இருக்கும் ஆதாரும் சான்றிதழ்களும் சட்டப்படி அசலுக்குச் சமம், போனிலேயே எடுத்துக் காட்டலாம். முழு எண் தேவைப்படாத இடத்தில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு' ஆதாரைக் கொடுங்கள்.

ஏற்கெனவே எங்கோ விட்டுவிட்டு வந்துவிட்டீர்களா? போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியில் தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் அங்கிருந்தே லாக் அவுட் செய்யுங்கள். ஆதார் ஆணையத்தின் செயலியிலோ இணையதளத்திலோ கைரேகை, கருவிழிப் பதிவைப் பூட்டி வைக்கலாம். பூட்டியிருக்கும்போது ஆதார் வழியாகக் கைரேகை வைக்கும் இடங்களில் வேலை நடக்காது, தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். ஆதார் பற்றிய சந்தேகங்களுக்கு 1947. வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனதாகத் தெரிந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க அப்போதுதான் வாய்ப்பு அதிகம்.