வேலிக்கு ஒரு களா

திருக்கழுக்குன்றத்துப் பக்கம் பாறைக்குன்றுகளில், ஒரு சாண் மண்கூட இல்லாத இடுக்கிலும் பச்சை மங்காமல் ஒரு முட்புதர் நிற்கும். களா. காரை, சூரை, காசாவோடு சேர்ந்து சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டில் வளர்வது. நம் குன்றுகளில் தானாக முளைப்பது சிறுகளா. இதே இனம் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உண்டு. ஊறுகாய்க்காகத் தோட்டத்தில் வைப்பது பெருங்களா. கேக்கின் மேல் 'செர்ரி' என்று சிவப்பாக உட்கார்ந்திருப்பதும் பெரும்பாலும் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறிய பெருங்களாக்காய்தான்.

காயைக் கிள்ளினால் வெள்ளைப் பால் விரலில் பிசினாக ஒட்டும். அரளிக் குடும்பத்துச் செடி என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் அரளியின் நஞ்சு இதன் பழத்தில் இல்லை. தடித்துப் பளபளக்கும் இலை நீரை எளிதில் விடாது. கணுவுக்கு இரண்டாக நீளும் முள் ஆடுமாடுகளைத் தள்ளி நிறுத்தும். மல்லிகை மணக்கும் வெண்பூக்கள் உதிர்ந்து, ஆனி ஆடியில் பழம் கறுக்கும். முந்திக்கொள்வது கொண்டைக்குருவிதான். விதையைக் குன்றெங்கும் தூவுவதும் அதுவே.

வளர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது விதையில். களா விதை காய்ந்தால் முளைப்புத்திறன் வேகமாகக் குறையும். எடுத்து வைத்து அடுத்த வருடம் போடலாம் என்பது இதனிடம் செல்லாது. நன்றாகக் கறுத்த பழத்தைப் பிசைந்து, பால் போகக் கழுவி, நிழலில் ஒருநாள் உலர்த்தி, உடனே பாக்கெட்டில் ஊன்றிவிட வேண்டும். பதியன் போட்டும் எடுக்கலாம். கன்று மெதுவாகத்தான் வரும், பொறுக்க வேண்டும். அடுத்த வருடம் ஐப்பசி மழைக்கு, ஒன்றரை அடிக் குழியில் மட்கிய எருவிட்டு, வேலிக்கென்றால் மூன்றடிக்கு ஒன்றாக நடலாம். செம்மண், சரளை, கடலோர மணல் எல்லாம் அதற்குச் சரி. தண்ணீர் தேங்கும் பள்ளம் மட்டும் ஆகாது. முதல் கோடைக்குத் தண்ணீர் கொடுங்கள். முள் முற்றும்வரை ஆடு கடிக்காமல் மறைப்புக் கட்டுங்கள். அதன்பின் பழம் முடிந்ததும் நுனி வெட்டிவிட்டால் பக்கக்கிளை அடர்ந்து, பாம்பும் கீரியும் தவிர யாரும் நுழைய முடியாத வேலியாகிவிடும்.

கம்பிவேலி உப்புக்காற்றில் சில வருடங்களில் துருப்பிடிக்கும் இந்தக் கரையில், களாவைப் பிடுங்கிவிட்டுக் கம்பி கட்டுவதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பெண்களின் சங்கம் மூலிகை, நாட்டுச் செடிக் கன்றுகளை வளர்க்கிறது. அந்தப் பக்கம் போனால், களாக்கன்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.