இறந்தார் பொருளும் மறைக்கப்பட்ட பொருளும்

செட்டிநாட்டுக் கொத்தமங்கலத்தில் நெடிய வீடுகள் பல உள. இத்தகைய வீடுகளின் செல்வம் பெரும்பாலும் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் லேவாதேவியால் ஈட்டப்பட்டது. அத்தொழிலின் கணக்கு விலாசத்தின் பேரேட்டிலும் மேலாள் கையிலும் இருந்தது. இல்லத்திலிருந்த மனைவியும் மகளும் அதனை அறிதல் அரிது. ஆதலின் தலைவர் இறந்தபின், உள்ள பொருள் இன்னதென அறியாமையே அவர்க்கு முதல் இடராயிற்று. இவ்விடர் இன்றும் பல குடும்பங்களில் உண்டு. அதற்குச் சட்டம் காட்டும் வழியை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதற்கண் உரிமையை நிறுவுதல் வேண்டும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்று இன்னார் வாரிசு என்று காட்டுமேயன்றிச் சொத்துரிமையை முடிவு செய்யாது. இறந்தவர்க்கு வரவேண்டிய கடனையும் பங்குப் பத்திரங்களையும் பெற, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் சான்று பெறலாம். நிலமும் வீடும் அச்சான்றுள் அடங்கா.

இரண்டாவது, தேடுதல். நிலத்திற்குப் பதிவு அலுவலக வில்லங்கச் சான்று துணையாம். பத்தாண்டு கேட்பாரற்ற வங்கி வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குச் செல்லும்; எனினும் வாரிசின் உரிமை அழியாது. அதனைத் தேட 2023-இல் 'உத்கம்' என்னும் இணையத்தளம் திறக்கப்பட்டது.

மூன்றாவது, ஒருவர் வேண்டுமென்றே மறைத்தவிடத்துச் செய்வது. பாகவழக்கோ சொத்து நிர்வாக வழக்கோ தொடுத்தால், எதிரி தம்மிடமுள்ள ஆவணங்களைச் சத்தியப் பிரமாணத்தின்மேல் வெளியிடுமாறு நீதிமன்றம் கட்டளையிடலாம்; விற்பனைக்குத் தடை விதிக்கலாம்; ரிசீவரையும் நியமிக்கலாம். நீதிமன்றம் நியமித்த நிர்வாகி ஆறு திங்களுள் சொத்துப் பட்டியலும், ஓராண்டினுள் வரவுசெலவுக் கணக்கும் தருதல் கடன். அறிந்தே பொய்ப்பட்டியல் தருதல் குற்றமாம். பேரேடு சான்றாகுமாயினும், அதன் பதிவு ஒன்றையே கொண்டு ஒருவரைக் கடனாளியாக்குதல் இயலாது. பிற சான்றும் வேண்டும்.

அயல்நாட்டிலுள்ள அசையாச் சொத்திற்கு அந்நாட்டுச் சட்டமே அளவுகோல். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும், காமன்வெல்த் நாட்டு நீதிமன்றம் தந்த நிர்வாகப் பத்திரத்திற்கு அந்நாட்டு நீதிமன்றத்தில் மறுமுத்திரை பெறும் வழி உண்டு. பர்மாவிலோ 1948-ஆம் ஆண்டின் நில நாட்டுடைமைச் சட்டம் விளைநிலத்தைப் பற்றிய நம்பிக்கையைப் பெரிதும் குலைத்துவிட்டது.

காலம் கடந்ததே என்று கலங்குவார்க்கு ஒன்று கூறுவாம். எதிரி வஞ்சத்தால் மறைத்தனராயின், 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின்படி, அவ்வஞ்சம் வெளிப்பட்ட நாளிலிருந்தே, அன்றித் தக்க முயற்சியால் வெளிப்பட்டிருக்கக்கூடிய நாளிலிருந்தே, காலம் எண்ணப்படும். ஆதலின் ஐயம் எழுந்த அன்றே முயலுதல் வேண்டும். அதனினும் நன்று, வீட்டுத்தலைவர் உயிரோடிருக்கும்போதே தம் கணக்கை மனைவிக்கும் மக்களுக்கும் உணர்த்திவைத்தல்.